கொல்லைக் கோடியின் சாவி

அவர் இறந்து பதினோரு வாரம் கழித்து நடந்தது. என்றாலும் செய்தது அவர்தான்.

வில்ஃப் டாட்டர்சால், இங்கிலாந்தின் லங்காஷயரில் மூடிப்போன ஒரு பஞ்சாலையில் கொதிகலன் பார்த்தவர். குவாரி தெரு பதினேழாம் எண்ணில் ஐம்பத்திரண்டு வருடம் குடியிருந்தார். 1974இல் நகராட்சி கொடுத்த மானியத்தில் மாடிப் பின்னறையைக் கழிப்பறையோடு கூடிய குளியலறையாக்கினார். குழாய், ஓடு எல்லாம் சொந்தக் கை. முதல் நாள் தொட்டியில் இறங்கிய மனைவி நோரா இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. கொல்லைக் கோடியில் இருந்த பழைய கழிப்பறையின் பீங்கானைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, உள்ளே வெங்காயச் சரம் கட்டித் தொங்கவிட்டார்.

நோரா இறந்த பிறகு, வீடு வாங்க ஆள் வராத தெருக்களைப் புதுப்பிக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. புதுப்பிப்பது என்றால் இடிப்பது. நகராட்சி ஒவ்வொரு வீடாக வாங்கி, சன்னல்களுக்கு இரும்புத் தகடு அடித்தது. வில்ஃப் விற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையின் ஈயத்தகட்டை எவனோ உரித்துப் போனான். மழை அங்கே இறங்கி, வில்ஃப்பின் படுக்கையறைச் சுவரில் ஊறியது. அவர் இருமத் தொடங்கினார்.

வீட்டுவசதி அதிகாரி ஹோல்ராய்ட் பின்சந்தில் நின்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்: கழிப்பறை கொல்லையில், உள்ளே இல்லை, வசிக்கத் தகுதியற்றது.

மகள் ஹேசல் கட்டடப் பொறியாளர். படித்ததும் பேனாவை எடுத்தாள்.

"வைடி கீழ."

"பச்சைப் பொய்ப்பா இது."

"இப்ப சொன்னா அந்த வரியை அடிச்சிட்டு வேற ஒண்ணு எழுதுவான். இடிப்பு உத்தரவை விசாரிக்க வர்ற ஆளு முன்னாடி அவன் வாயாலயே கேக்கணும்."

"என்னன்னு?"

"கக்கூஸ் எங்கன்னு."

"அதுக்கு அவன் உள்ள வரணுமே."

"டீ குடுப்போம். நிறைய குடுப்போம்."

ஹோல்ராய்ட் நாலு தடவை வந்தார். நாலு தடவையும் வில்ஃப் கெட்டிலை வைத்தார். வந்தவரோ வாசலிலேயே காகிதத்தை நீட்டிவிட்டுப் போனார். பிப்ரவரியில் வில்ஃப் நிமோனியாவில் இறந்தார். மரணச் சான்றிதழில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹேசல் ஈரமானியை அந்தச் சுவரில் வைத்தாள். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. கீழே வந்து கெட்டிலைத் தேய்த்து வைத்தாள்.

மே மாதம் அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி, ஹோல்ராய்டோடு தெருவைப் பார்வையிட வந்தார். நரைத்த தலைப் பெண்மணி. பார்வையிடும்போது யாரும் வாதாடக் கூடாது என்பது விதி. இரண்டு மணி நேரம் மழையில் காலி வீடுகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில் பதினேழுக்கு வந்தார்கள்.

ஹேசல் வாதாடவில்லை. டீ ஊற்றினாள்.

"சர்க்கரை, மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

"ரெண்டு. என்னா குளிரு."

"இன்னொரு கப்?"

"ஊத்துங்க."

மூன்றாவது கப்பில் அவர் கால் மாற்றி நின்றார்.

"கொஞ்சம் பாத்ரூம்..."

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள். "கொல்லைக் கோடியில. உங்களுக்குத் தெரியாததா."

மழையில் ஓடினார். கதவைத் திறந்தார். போன வருடம் வில்ஃப் கட்டிய வெங்காயச் சரங்கள் அவர் முகத்தில் இடித்தன. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். விசாரணை அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அங்க ஒண்ணும் இல்லையே."

"இல்ல."

"அப்ப கக்கூஸ் எங்கதான் இருக்கு?"

ஹேசல் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாடியில. இடது பக்கம். முப்பத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்கு."

அந்த மாடிக் கழிப்பறைச் சுவரில், நின்றுகொண்டு போகிறவனின் கண்மட்டத்தில், நகராட்சி முத்திரையோடு கூடிய 1974ஆம் வருடத்து மானியக் கடிதத்தை வில்ஃப் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஹோல்ராய்ட் மேலே போய் வெகுநேரமாகியும் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அவர் இறங்கினதும் நான் போய்ப் பாக்கலாமா?" என்றார் விசாரணை அதிகாரி.

"தாராளமா, மேடம்."

இடிப்பு உத்தரவை மறுத்த கடிதம் செப்டம்பரில் வந்தது. ஹேசல் அதையும் சட்டம் போட்டு, பழைய கடிதத்தின் பக்கத்தில் மாட்டினாள். ஹோல்ராய்ட் தன் கையால் எழுதிய வருத்தக் கடிதம் ஒன்றும் வந்தது. பிரிக்காமலே கொல்லைக் கோடிக்கு எடுத்துப் போய், வெங்காயத் தோல் உதிரும் இடத்தில் போட்டாள்.