கீழ வீதித் தையல் கடையில் ஒன்றரை மணி நேரம்

இதைச் சொன்னால் என் கணவர் அருள் பிரகாஷே சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்று நான் போட்டிருந்த சுடிதார் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அந்தக் கிழிசலைக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான் சிந்தியா. கடலூர் முதுநகர். ஏழு வயதில், மிஞ்சிப்போன லைனிங் துண்டில் எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்கு ஒரு நீலப் போர்வை தைத்தேன். அன்று பிடித்த ஊசி. முப்பது வருஷமாகியும் துணியைத் தொட்டால் எனக்குப் பசி தெரியாது. இப்போது சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மைக் கவுன்கள் தைத்துக் கொடுக்கிறேன்.

போன ஆகஸ்ட். சிதம்பரத்தில் ஒரு பழைய கால்மெஷின் விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பழனிவேல் என்பவர் கடையைத் திறந்து காட்டினார்.

“எங்க மாமியார் ராமாமிர்தம் வெச்சி நடத்துன கடை மேடம். மூணு வருஷமா பூட்டிக் கெடக்கு. ஓட்டிப் பாருங்க, நான் சாப்பிட்டு வந்துடுறேன். நாய் வரும், ஷட்டர பாதி எறக்கி வெக்கிறேன்.”

மணி 2:10.

பையை வாசல் பக்க ஆணியில் மாட்டினேன். சுவரெல்லாம் தூசி. மெஷினில் மட்டும் தூசி இல்லை. விற்பதற்காகத் துடைத்திருப்பார் என்று நினைத்தேன். ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஒரு மெரூன் ஜாக்கெட். நூல் கோத்தே இருந்தது. நுனியைத் தொட்டேன்.

ஈரம்.

கோப்பதற்கு முன் நூலை உதட்டில் வைத்து நனைப்போமே... அந்த ஈரம்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மிதித்ததும் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்த ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் இணைத்துப் பார்க்கலாம் என்று பெஞ்சில் நன்றாக உட்கார்ந்தேன். ஒரு கை முடிந்தது. அடுத்த கை. பிறகு பக்கத் தையல். நேரம் போனதே தெரியவில்லை. பையில் போன் அடித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

மணி 3:05.

நிறுத்த நினைத்தேன். கால் நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் முட்டியை அழுத்திப் பிடித்தேன். நின்றது.

எழுந்தேன்.

முடியவில்லை.

துப்பட்டா எதிலோ மாட்டியிருக்கிறது என்று இழுத்தேன். மாட்டவில்லை. தைத்திருந்தது. பெஞ்சின் மேல் விரித்து ஆணி அடித்திருந்த சாக்கோடு சேர்த்து. கைத்தையல். எறும்பு வரிசை மாதிரி, ஒரே அளவில். எனக்கே அவ்வளவு நேராக வராது.

துப்பட்டாவைக் கழற்றிப் போட்டேன். மறுபடி எழுந்தேன்.

சுடிதாரும் தைத்திருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டவில்லை. கத்தரிக்கோல் பையில். “அண்ணே... அண்ணே...” என்று கத்தினேன். சந்தில் யாரும் இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது தொடை ஓரம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

அடுத்த தையல் விழுந்தது.

இன்னொன்று.

கிழித்தேன். துணியை வீணாக்கத் தெரியாதவள் நான். இரண்டு கைகளாலும் பிடித்துக் கிழித்தேன்.

வாசலுக்கு ஓடினேன். பாதி இறக்கிய ஷட்டர் முழுதாக மூடியிருந்தது. தூக்கினேன். அசையவில்லை. பையிலிருந்து போனை எடுத்தேன். நழுவி இருட்டில் எங்கோ விழுந்தது. குனிந்து தேடத் தைரியம் இல்லை.

ஷட்டரைத் தட்டினேன்.

பின்னால்...

டக்... டக்... டக்...

மெஷின்.

திரும்பவில்லை.

டக் டக் டக் டக்...

மணி 3:40. ஷட்டர் சர்ரென்று மேலே போனது. சத்தம் நின்றது. பழனிவேல் நின்றிருந்தார்.

“ஏன் மேடம் முழுசா எறக்கிட்டீங்க?”

“நான் எறக்கல... எவ்ளோ நேரமா தட்டுறேன்!”

“தட்டுனீங்களா? பத்து நிமிஷமா வெளியதான நிக்கிறேன். மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சி. தச்சிப் பாக்குறீங்கன்னு தொந்தரவு பண்ணல.”

போனைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, மெஷின் வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன். மனசு கேட்காமல் விசாரித்தேன்.

“உங்க மாமியார் எப்படி இறந்தாங்க?”



“இறந்தாங்களா? கிள்ளையில எங்க வீட்லதான் இருக்காங்க மேடம். பக்கவாதம். மூணு வருஷமா படுத்த படுக்கை. கை, கால் அசையாது. பேச்சும் இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு மட்டும், நீங்க கடையில இருந்த நேரத்துல, கால் ரெண்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சாம். எம் பொண்டாட்டி பயந்துட்டா. அப்ப வாயத் தொறந்து பேசுனாங்களாம்.”

“என்ன பேசுனாங்க?”

“ஒருத்தி ஒக்காந்துட்டான்னு.”

நான் போனை வைக்கப் போனேன்.

“மேடம்... இப்ப தெனமும் பேசுறாங்க. ஒரே கேள்விதான். அவ பாதியில எந்திரிச்சிப் போயிட்டாளே, வூடு எங்கன்னு கேக்குறாங்க.”