நாலு நிமிடத்துக்குப் பிறகு

சுனாமியில் கடல் வந்து போன பிறகு கல்முனையில் என் ஸ்டூடியோவுக்குக் கலியாணப் படம் எடுக்க ஆள் வரவில்லை. நனைந்த அல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒட்டிப்போன படங்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றில் காயப்போட்டேன். பல வீடுகளில் கடலில் மூழ்கி மவுத்தானவர்களின் அடையாளமாக மிஞ்சியது அந்தப் படங்கள்தான். அதற்குப் பிறகு நான் ஒரு படத்தையும் கிழித்ததில்லை, வெட்டியதில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். "இந்த ஆள வெட்டிட்டு அடிச்சித் தாங்க" என்று யாராவது கேட்டால் கடையை விட்டே இறங்கச் சொல்லிவிடுவேன்.

என் தங்கச்சியின் அல்பமும் அவற்றில் ஒன்று. அவளுடைய ஆறு வயது மகளைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய மையத்துகூடக் கிடைக்கவில்லை. அல்பத்தில் ஒரே ஒரு படம் தேறியது, அதிலும் பாதி முகம்தான். தங்கச்சியின் கணவர், என் மச்சான், அதன் பிறகு தோணியைத் தொடவே இல்லை. யுத்தம் முடிந்து காட்டுப் பக்கத்துப் பாதைகள் திறந்ததும், பொத்துவிலுக்கு மேற்கே காட்டோரம் வயல் எடுத்து, அங்கேயே ஓலை வாடி கட்டித் தங்கினார். கடல் சத்தம் கேட்காத இடம் வேண்டுமாம்.

வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ முடிந்து என் கடையில் தேத்தண்ணி குடிப்பார். ஒரு நாள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான், வயலுக்குப் போற பாதையில எனக்குப் பின்னால ஒராள் நடந்து வாற. சின்னக் கால் சத்தம். திரும்பினா ஒருத்தரும் இல்ல."

"காட்டுல தனியக் கிடந்தா அப்புடித்தான். மூளை கலங்கிரிச்சி உங்களுக்கு."

"கலங்கினாலும் பரவால்ல. மகள்தான் வாறா எண்டு நினைச்சிக்கிட்டன். இப்ப நான் மெதுவாத்தான் நடக்கிற. அவக்குச் சின்னக் காலெல்லோ."

திட்ட வந்ததை விட்டுவிட்டு, இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் என் கடையைத் தேடி வந்தார். சிறுத்தைகளைப் பற்றி ஆராய்கிறவர். காட்டு மரங்களில் கமராக்களைக் கட்டியிருந்தார். முன்னால் எது நடந்துபோனாலும் அவை தாமாகவே படம் பிடிக்கும். பிலிம் சுருளைக் கழுவி, வெட்டாமல் முழுசாகத் தர வேண்டும். அவர் இந்தியாவில் புலித்தடம் பின்தொடரப் பழகியவர். "அங்க ஒரு காட்டுல புலி இருக்கு, இருக்கு எண்டே எழுதிக்கொண்டிருந்தாங்க. கடைசியில போய்த் தேடினா ஒரு காலடி இல்ல. இங்கயும் அப்படி ஆகிடும் எண்டு பயமா இருக்கு" என்றார்.

முதல் சுருளில் ஒரு பெண் சிறுத்தை வந்தது. இடது காதில் ஒரு பிளவு. இரண்டாம் மாதமும் அதே காது. மூன்றாம் மாதம் ஒரு கமராவை வயலோரப் பாதைக்கு மாற்றியிருந்தாராம். அந்தச் சுருளை மிசினில் விட்டேன். முதலில் வந்தது ஒரு மனிதன். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் வயர்ச் சுருளோடு நடந்துகொண்டிருந்தார். என் மச்சான். மூலையில் நேரம் விழுந்திருந்தது: பின்னேரம் ஐந்து பத்து. அடுத்த படத்தில் அதே பாதை, ஐந்து பதினாலு. அந்தச் சிறுத்தை, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவர் போன திசையிலேயே போகிறது.

அடுத்தடுத்தும் அப்படித்தான். அவர், பிறகு அவள். ஒன்பது தரம். ஒன்பதாவதில் அவள் கழுத்தில் வயர் இறுகியிருந்தது, அறுந்த முனை நெஞ்சில் தொங்கியது. அதற்குப் பிறகு வந்த படங்களில் மச்சான் மட்டும். பின்னால் வெறும் பாதை. நான் நன்றாகப் பயந்துபோனேன். பட்டப்பகல், வெளியே பஸ் ஹோர்ன் அடிக்கிறது, நான் எழும்பிப் போய்க் கதவுக்கு வெளியே பார்த்துவிட்டு வந்தேன்.

காட்டில் வயர்ச் சுருக்கு வைத்தால் பிடித்து மறியலில் அடைப்பார்கள். மிஸ் மறுநாள் வருவார். மச்சானுக்குப் போனில் கோல் எடுத்து உடனே வரச் சொன்னேன். வந்ததும் வராததுமாகத் திட்டத் தொடங்கினேன்.

"சுருக்கு வெக்கிறதுக்கு உங்களுக்கு என்ன விசரா?"

"பண்டிக்கு வெச்ச, மச்சான். வேளாண்மய உழுதுட்டுப் போகுதே."

"பட்ட பண்டிய என்ன செஞ்ச?"

"நான் தொடுவனா? தொட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண்ணால. அப்புடியே விட்டுட்டு, பக்கத்தில வேற சுருக்கு வெச்சன்."

வேறு ஆட்கள் என்றால் இறைச்சிக்காகப் பன்றியைத் தூக்கிப் போயிருப்பார்கள். நாங்கள் தொட மாட்டோம். தொடாத பன்றி அங்கேயே கிடந்து நாறி, சிறுத்தையைச் சுருக்குகளுக்கு நடுவே கூப்பிட்டிருக்கிறது. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். திட்டுவதை நிறுத்திவிட்டு, படங்களை மேசையில் வரிசையாக வைத்தேன்.

மச்சான் முதலில் தன்னைப் பார்த்தார். பிறகு, பின்னால் வந்ததைப் பார்த்தார். ஒன்பதாவது படத்தைக் கையில் எடுத்தார். வயரில் இருந்தது தோணிக் கயிற்றுக்கு அவர் போடுகிற முடிச்சு. எனக்கே தெரிந்தது.

"இது எண்டைக்கு எடுத்த?"

திகதியைப் படித்துச் சொன்னேன்.

"அண்டையிலிருந்துதான் கால் சத்தம் நிண்ட" என்றார். "மகள் கோவிச்சிட்டா எண்டு நினைச்சன். உங்கட தங்கச்சிக்கிட்டயும் சொல்லல்ல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். "நீங்க நிக்கிற இடமெல்லாத்தையும் வெட்டிடுறன். மிசின்ல கிழிஞ்சிட்டு எண்டு மிஸ்ஸுக்குச் சொல்றன். தங்கச்சிக்காகச் செய்றன்."

அவர் நெகடிவ் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார்.

"வெட்டாதீங்க, மச்சான். வெட்டினா அவ தனிய நடந்த மாதிரிப் போயிடும்."

மறுநாள் சுருளை முழுசாகவே கொடுத்தேன். மச்சான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தானே சொன்னார். மிச்சச் சுருக்குகளைக் கழற்ற அன்றைக்கே போனோம். அவர் முன்னால், மிஸ் நடுவில், நான் கடைசியில். பாதை தொடங்கும் இடத்தில் மச்சான் எங்களை நிற்கச் சொன்னார். "கொஞ்சம் பிந்தி வாங்க" என்றுவிட்டு, மெதுவாக, நின்று நின்று, பின்பக்கம் காதைக் கொடுத்தபடி நடந்தார். நாங்கள் நாலு நிமிடம் பார்த்திருந்துவிட்டுப் பின்னால் போனோம். வயலோரத்தில் அவர் எங்களுக்காகக் காத்து நின்றார்.

"ஒண்டும் இல்ல" என்றார்.