நான் நேர்ந்துவிட்ட தலை

வேண்டுதல் வைப்பதற்கும் ஒரு நிதானம் வேண்டும். அது எனக்குக் கிடையாது. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் இரண்டாம் தரமும் போடுகிற ஜாதி நான். இப்படிப்பட்டவள் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, நாற்பது பேர் காது கேட்க, முருகனிடம் வாய்விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். கார் சீட் தைக்கிற கம்பெனியில், தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. லைனுக்குள் செல்போன் கூடாது, எல்லாம் லாக்கரில் கிடக்கும். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது சூப்பர்வைசர் என்னைப் பார்த்து வந்தார். திட்ட வருகிற மனுஷன் வேகமாக வருவார். இப்போது மெதுவாக வந்தார். பார்த்துக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, பையன் ஸ்கூல்ல ஒரு பிரச்சினை. தலையில அடி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்களாம்."

என் மகன் பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாத்தியார் இல்லாத நேரத்தில், கூடப் படிக்கிற ஒருவன் உடைந்த பெஞ்சின் பலகையைப் பிடுங்கி அவன் தலையில் இடது பக்கமாக அடித்திருக்கிறான். ஒரே அடி.

கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டுவது என் வீட்டுக்காரர். ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுதுகொண்டே ஏறி விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார். ஒரு நிறுத்தத்திலும் நிறுத்தவில்லை. வழியில் இறங்க வேண்டியவர்களும் இறக்கிவிடச் சொல்லவில்லை. நாற்பது பேரோடு பஸ் நேராக ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

முருகன் கோயில் இருக்கிற வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற இடம் வந்தபோது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"முருகா! எம் புள்ளைய எனக்குக் குடுத்துடு! அவன் தலையில அடிச்சான் பாரு, அந்தப் பையன் தலைய மொட்ட அடிச்சு உன் வாசல்ல குந்த வெக்கிறேன்!"

ஊரில் தாய்மார்கள் என்ன வேண்டிக்கொள்வார்கள்? தன் தலை, தன் பிள்ளை தலை, மிஞ்சிப்போனால் புருஷன் தலை. எனக்கு வேண்டுதலும் கோபமும் ஒன்றாக வாயில் வந்து தொலைத்தன. பின் சீட்டிலிருந்து யாரோ "அரோகரா" என்று வேறு சொன்னார்கள். முத்திரை குத்தினது போல ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரே நிறச் சட்டையில் நாற்பது பேர் இறங்கியதைப் பார்த்து, ஏதோ கம்பெனியில் பெரிய விபத்து என்று நினைத்துவிட்டார் செக்யூரிட்டி. ஸ்ட்ரெச்சர் எல்லாம் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் லைன் பையன் ஒருவனை நர்ஸ் படுக்கவே வைத்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நான் துணைக்கு வந்தேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றியாயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது நான் தரையில் உட்கார்ந்து மண்டையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் என் மகன் கண் திறந்தான். "பசிக்குதும்மா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஊருக்கே சோறு போட்டிருப்பேன். ஐந்தாம் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, இடது காது இனிக் கேட்காது என்றார்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிடக் கூப்பிடுவேன், திரும்ப மாட்டான். "எத்தினி வாட்டி கூப்புடறது, திமிராடா?" என்று இரண்டு தரம் திட்டியும்விட்டேன். அப்புறம்தான் அவனுக்கு இடது பக்கமாக நிற்கிறேன் என்று உறைக்கும். நேரே சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் சத்தம் எதற்கு, அவனுக்குக் கேட்காத பக்கமாகப் போய் அழுதால் போதுமே என்று ஒருநாள் தோன்றியது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

முருகனோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டேன். கூடத்துக் காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்தவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். என் வீட்டுக்காரருக்குத் தேதி பார்க்க வேண்டுமென்றால், நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் திருப்பி, பார்த்துவிட்டு, மறுபடி சுவரைப் பார்க்க மாட்டிவிடுவார்.

இதைக் கண்டுபிடித்தது என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் கம்பெனி கேன்டீனில் வேலை. சாமி காரியத்தில் அவரை அடித்துக்கொள்ள ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை.

"இன்னாடி இது, சாமிய செவுத்தப் பாக்க வெச்சிக்கிற?"

"காதப் புடுங்கிக்கினாரே அண்ணி. அவர நடுவூட்ல வெச்சுக் கும்புடணுமா?"

"நீ இன்னா கேட்ட? புள்ளையக் குடுன்னு கேட்ட. குடுத்துட்டாரு. காதப் பத்தி வாயத் தொறந்தியா? நான் மொத சீட்லதான குந்திக்கினு இருந்தேன்!"

கேட்டபோது உறுப்பு உறுப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

"அவரு வேலை முடிஞ்சிது. உன் வேலை அப்டியே கீது. அந்தப் பையன் தலை" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த மாதம் என் மகன் வலது காது வலிக்கிறது, அடைத்தாற்போல் இருக்கிறது என்றான். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அது வெறும் அழுக்கு அடைப்பு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே எண்ணம்தான்: நான் சொன்னதைச் செய்யவில்லை, கொடுத்தவர் திரும்ப எடுக்கிறார். முருகனை நேராகத் திருப்பி மாட்டினேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இருக்கறதத் தொடாத" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வேண்டுதலை வேறு தலைக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தோம். என் வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணித் தன் தலையைக் கொடுத்தார். கோயிலில் குருக்கள் முழு விவரத்தையும் கேட்டார். ஆடு நேர்ந்துவிடுகிறார்கள், கோழி நேர்ந்துவிடுகிறார்கள். நான் ஒரு பத்தாம் வகுப்புப் பையனை நேர்ந்துவிட்டிருந்தேன். குருக்கள் என் வீட்டுக்காரர் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு காதோரமும் ஏதோ இருக்கும், நடுவில் வெட்டவெளி.

"இதுல எடுக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார். "சொன்ன தலைதான். அந்தப் பையனோட அம்மாகிட்ட கேளுங்கோ. மனசார வரணும். இழுத்துண்டு வந்தா அது வேண்டுதல் இல்லை, அடிதடி."

அடித்தவன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். தூக்கில் தொங்கச் சொன்னால்கூட ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். இதற்கு யோசிக்காமலே மாட்டேன் என்றேன். மறுநாள் என் மகன் வலது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கம்மா போற?" என்றான். சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அம்மா, அந்த முடிக்காகத்தாம்மா அடிச்சான். முன்னாடி கோல்டு கலர் அடிச்சிருந்தான்ல. நாந்தான் தேங்கா நாருன்னு கலாய்ச்சேன். ஒரு மாசமா. கிளாஸே அப்டித்தான் கூப்புட்டுச்சு."

"அதுக்குப் பலகையாலயாடா அடிப்பாங்க?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். ஆனாலும் வழியெல்லாம் அந்தத் தேங்காய் நார் என் கூடவே வந்தது.

வல்லம் வடகாலில் வாடகைக்கு விடவென்றே கட்டின வரிசை வீடுகளில் கடைசி வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால் பையன் வீட்டிலேயே அடைந்து கிடந்தான். அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். என் கையால் தோசை வாங்கித் தின்றவன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவன் அம்மா என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "எக்கா, அவன ஒண்ணும் செஞ்சிராதிய. அடிக்கணும்னா என்னைய அடிங்க."

"அடிக்க வரல. மொட்ட அடிக்க வந்தேன்" என்றேன்.

நான் வாயைத் திறக்கிற லட்சணம் அது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். சாத்தின கதவிடமே பஸ், முருகன், நாற்பது பேர், வலது காது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் என்னோடு சேர்ந்து கதவைத் தட்டினார்கள். "சாமி காரியமாம்க்கா, தொறங்க!" கதவு திறந்தது.

"மொட்ட போடுததுல எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "ஆனா அது எங்க ஊரு சாஸ்தாவுக்கு நேந்த முடியில்லா? பங்குனி உத்திரத்துக்குக் குடுக்கதா சொல்லி, லீவு கெடைக்காம மூணு வருசமா தள்ளிப்போவுது. இங்க முருகனுக்குக் குடுத்துட்டா அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஒரே தலை, இரண்டு சாமி. எனக்குத் தலை சுற்றியது.

"சாஸ்தாவும் முருகரும் அண்ணன் தம்பிதானம்மா. அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டுமே."

"அண்ணன் தம்பிக்குள்ளதாங்க்கா வெட்டுக்குத்தே வருது."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் தரையைப் பார்த்தோம். இந்த வீட்டில் உட்கார்ந்து எனக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது பீரோ மறைவிலிருந்து அவன் வந்தான். இளைத்திருந்தான். முன்முடியில் தங்க நிறம் நுனியில் மட்டும் மிச்சமிருந்தது, அடியில் கறுப்பு வளர்ந்துவிட்டது.

"நான் வாரேன் ஆன்ட்டி. எடுத்துக்கோங்க. முடிதான, வளந்துரும். சாஸ்தாவுக்குப் பெறவு குடுத்துக்கிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமாடா, முடி வளரும். காது வளருமாடா? சொல்லுடா, வளருமா?"

"வளராது ஆன்ட்டி" என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிறன்று கோயில் வாசலில் பார்த்தால், பஸ்ஸில் வந்த நாற்பது பேரில் பாதிப் பேர் வந்து நிற்கிறார்கள். "நாங்கதானக்கா சாட்சி" என்றார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு, அதை இதற்குக் கொடுத்திருந்தார்கள். நாத்தனார் மஞ்சள் புடவையில் எல்லோரையும் மேய்த்துக்கொண்டிருந்தார். என் மகனும் வருவேன் என்று அடம்பிடித்து வந்து, தூரத்தில் அப்பா பக்கத்தில் நின்றான். அந்தப் பையனின் அம்மா மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து கையிலேயே பிடித்திருந்தாள். சாஸ்தா கோபித்துக்கொள்ளாமல் இருக்க.

முடியெடுக்கிறவர் பையனை மணைமேல் உட்காரவைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "அம்மா யாரு? வந்து தலைய நனைச்சுப் புடிச்சிக்கோங்க." மொட்டைக்கு வாங்கின சீட்டு என் கையில் இருந்ததால் என்னையே பார்த்தார்.

பையனின் அம்மா முன்னால் வந்தாள். நாத்தனார் குறுக்கே கை நீட்டினார். "வேண்டிக்கினவதாம்மா புடிக்கணும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தள்ளி நின்றாள்.

உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீரை ஊற்றித் தலையை அழுத்தித் தேய்த்தேன். இடது காதுக்கு மேலே வந்ததும் விரல் நின்றுவிட்டது. என் மகனுக்குப் பதினாலு தையல் போட்ட இடம். இவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்: இந்த இடத்தில் கத்தி கொஞ்சம் வழுக்கினால்தான் என்ன என்று நினைத்தேன். நினைத்தது முருகன் வாசலில் உட்கார்ந்துகொண்டு.

கத்தி இறங்கியது. தங்க நுனி வைத்த முடி கொத்துக் கொத்தாக என் மடியில் விழுந்தது. பையன் கண்ணை இறுக மூடியிருந்தான். அப்போதுதான் தூரத்திலிருந்து என் மகன் குரல் கேட்டது.

"போச்சுடா தேங்கா நாரு!"

பையனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தோள் குலுங்க, தலை குலுங்க, ஓ என்று அழுதான். கத்தி அந்த நேரம் இடது காதோரம் இருந்தது.

"ஆடாதடா! காதுல பட்டுடப் போவுது!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். என் குரல்தான். என் உள்ளங்கை அவன் இடது காதை மூடிக்கொண்டிருந்தது. எப்போது போய் மூடியதோ தெரியாது.

"கைய எடும்மா. காத நான் பாத்துக்கறேன்" என்றார் முடியெடுக்கிறவர்.

"நீங்க சுத்தி எடுங்கண்ணா" என்றேன். கையை எடுக்கவில்லை.