சேலை முனையில் வைக்கும் மஞ்சள்

முதலில் பாவாடை நாடாதான் சொன்னது. கை கால் மெலிந்துகொண்டே போக, இடப்பக்கம் மட்டும் நாடா இறுகியது. "கடைச் சோறு ஒட்டுது போல" என்று கணவர் கேலி செய்தார். அவருக்கு நான் இளைத்தாலும் குற்றம், பெருத்தாலும் குற்றம்.

இரத்தச் சோதனையில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி இருந்தன. மண்ணீரல் (இடது விலாவுக்குக் கீழுள்ள உறுப்பு) வீங்கியிருந்தது. இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உறுதி செய்ய ஒரு சாயச் சோதனை வேண்டும் என்றார் டொக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரி, பொறுமைசாலி.

சாயம் என்றதும் பயத்தை மீறி எனக்குக் காது கூர்மையானது. கண்டி நகரில் புடவைக்கடையில் வேலை செய்பவள் நான். எல்லா நூலிலும் பரவுவதுதானே சாயம்?

"இது அப்பிடியில்லை அம்மா. சிவப்பு ஒரு மரபணுவில மட்டும் ஒட்டும், பச்சை இன்னொண்டில. அந்தந்த இடத்துக்குப் பொருந்துற சின்னத் துண்டில சாயத்தைக் கட்டி விடுறம். அது தன்ர சோடியைத் தேடிப் பிடிக்கும்."

"சாயம் போகாதுங்களா?"

"வெளிச்சம் பட்டால் மங்கும். அதுதான் இருட்டறையில பாக்கிறம்."

வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது நேர் எதிர். கடை விளக்கை நம்பாதீங்க, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க என்பேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் படத்தைக் காட்டினார். நீல வட்டங்களுக்குள் சிவப்பு, பச்சைப் புள்ளிகள். நடுவே மஞ்சள்.

"மஞ்ச தெரியுது. நல்ல சகுனம்" என்று கணவர் கைகூப்பினார். எனக்கும் மனம் குளிர்ந்தது. புதுச்சேலை முனையில் மஞ்சள் வைக்காமல் உடுத்தாத வீடு எங்களுடையது.

டொக்டர் அந்த மஞ்சள் புள்ளியில் விரலை வைத்தார். "அதுதான் நோய். சிவப்பும் பச்சையும் விலகி இருக்கவேணும். ரெண்டு மரபணுவும் உடைஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டினதாலதான் மஞ்சளாத் தெரியுது. இதுக்கெண்டே குளிசை இருக்கு, பயப்படாதேங்கோ."

வீட்டுக்குத் திரும்ப வத்தேகம பஸ்ஸில் ஏறினோம். செத்துவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குள்ளும், உடைந்த இடத்தைச் சாயம் எப்படிக் கண்டுபிடித்தது என்று வியந்துகொண்டுதான் வந்தேன்.

தினமும் விழுங்கிய குளிசையால் கண் இமை வீங்கியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. இதே மருந்தைத் தொடங்குகிறவர்கள் இதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். மெல்ல மெல்ல நாடா தளர்ந்தது.

மாதங்கள் கழித்து மறுபடி அதே சோதனை. புதுப் படத்தில் நான் தேடியது ஒரே நிறத்தை. சிவப்பு தனியே, பச்சை தனியே நின்றன.

"மஞ்ச இல்லையே?" என்று கேட்டார் கணவர்.

"ஓம், இந்தச் சோதனையில தெரியேல்லை. அதுக்காகக் குளிசையை விட்டுடாதேங்கோ."

தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்தோம். மஞ்சளைக் குழைத்த பிறகு என் விரல் சேலை முனைக்குப் போக மறுத்தது.

"அது சேலைக்குத்தானே. வையி" என்றார் அவர்.

வைத்தேன். உடுத்தும்போது கை தானாக இடது விலாவைத் தடவிப் பார்த்தது; இப்போது அது தினப் பழக்கம். அடுத்த பண்டிகையை விட அடுத்த சோதனைதான் எனக்கு நாள்காட்டி. பழக்கதோஷத்தில் முந்தானையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது, வெளியே, அது இருக்கவேண்டிய இடத்தில்.