நாலு மணிக்குத் திருப்பும் குமிழ்

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் டெய்லர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் இருக்கும். புது நோயாளி வந்தால் தலையிலிருந்து குதிகால்வரை அளந்துவிடுவார். நுரையீரல் உயரத்துக்குத் தக்கபடிதான் இருக்கும், தொப்பை வளர்ந்தால் அது வளராது என்பது அவர் கட்சி. சட்டை எப்போது தைத்துத் தருவீர்கள் என்று நர்ஸ்கள் கிண்டலடிப்பார்கள். உயரத்துக்கேற்ற காற்று, அழுத்தம் முப்பதைத் தாண்டக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு.

ஆனால் மனிதர் உத்தமர் ஒன்றும் இல்லை. மாலை நாலு மணிக்கு உறவினர்களை உள்ளே விடுவார்கள். திரையில் ஆக்சிஜன் எண் எண்பத்தொன்பது என்றிருந்தால் சண்டைக்கு வருவார்கள். இந்த நிலைமைக்கு அது போதும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் நாலு மணிக்குச் சற்று முன்பு அழுத்தக் குமிழைத் திருப்பி எண்ணை அழகாக்குவதும், கூட்டம் போனதும் இறக்குவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. டெய்லரும் திருப்பினார். அடிவாங்கப் பயம், வேறென்ன.

மூன்றாம் கட்டிலில் ஒரு வெல்டர் கிடந்தான். தெருச்சண்டையில் இரும்புக் கம்பியால் அடிபட்டு ஐந்து விலா நொறுங்கி, நுரையீரல் நைந்துபோயிருந்தது. இவனுக்கு மட்டும் குமிழைத் தொடக் கூடாது, தாங்க மாட்டான் என்று டெய்லர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் அவன் அண்ணன் உள்ளே வந்தான். லாரி ஓட்டுபவன்; மூன்று நாளாக உள்ளே வரத் தைரியமில்லாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே பழியாய்க் கிடந்தவன். எண் எண்பத்தெட்டு. ஏற்றச் சொன்னான். டெய்லர் விளக்க வாயெடுப்பதற்குள் குத்து மூக்கில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டெய்லர் கருவியைக் கட்டிப்பிடித்து நின்றார். அண்ணன்காரன் அவர் முடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் இரண்டு முறை மோதினான். கீழே விழுந்தவரின் விரல்களை மிதித்து நசுக்கினான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மூணு நாளா கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? பக்கத்துக் கட்டில்காரனுக்கு தெனமும் இதைத்தானே திருப்புறே? என் தம்பின்னா மட்டும் இளக்காரமா?"

குமிழைச் சரியாகப் பிடித்து நாற்பத்தைந்துவரை திருப்பினான். எண் தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. அழுதுகொண்டே சிரித்தான். அப்புறம் கருவி அலறியது. நைந்த நுரையீரல் கிழிந்து, தம்பியின் நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் உப்பி நின்றது. உதடு நீலமாயிற்று. எண் மளமளவென்று எழுபது, அறுபது என்று விழுந்தது.

டெய்லர் தவழ்ந்துபோய், நசுங்காத கையால் குழாயைக் கழற்றினார். ஓடி வந்த டாக்டர் விலாவுக்கிடையில் ஊசியை இறக்க, காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. நெஞ்சை அழுத்த அழுத்த முறிந்த விலாக்கள் கையடியில் நெறுநெறுத்தன. அரை மணி நேரம் போராடியும் வெல்டர் பிழைக்கவில்லை.

போலீஸ்காரர் விலங்கு பூட்டிய அண்ணன்காரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாக்குமூலம் கேட்டார். நாலு மணி சமாச்சாரத்தைப் பற்றி மூச்சு விடாதே என்று டாக்டர் முன்பே காதைக் கடித்திருந்தார். டெய்லர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"திருப்புனது இவன்தான் சார். கத்துக்குடுத்தது நான். அதையும் எழுதிக்குங்க."