கிரகணத்தன்று வெட்டிய திரி

ஐந்தாறு வருடங்களுக்கு முன், சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் தம்பி மனைவியும் ஜோடியாகத் திரி வெட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அன்று காலையில் சூரிய கிரகணம். பிள்ளைத்தாய்ச்சி அந்த நேரத்தில் கத்தியைத் தொடக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். வீட்டில் இருக்கிறேன் என்றவளை, "கெரகணமாவது ஒண்ணாவது, ஆர்டர் நிக்குது, கெளம்பு" என்று இழுத்துப்போனது நான்தான்.

பெண் குழந்தை பிறந்தது. வலது வாயோரம் பாதிக் கன்னம்வரை பிளந்திருந்தது. பால் கொடுத்தால் பாதி அந்த வழியாகவே வடிந்துவிடும். என் அம்மா பார்த்ததுமே, "கெரகணத்தன்னைக்கு இவ கத்தி எடுத்தாளா?" என்று கேட்டாள். கொஞ்சமும் கூசாமல், "நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன், இவதான் கேக்கல" என்றேன். கட்டிலில் கிடந்தவள் என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் தம்பியும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. கிராம நர்ஸ் வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம் என்று படித்துப் படித்துச் சொன்னார். "இவ செஞ்ச குத்தத்துக்குப் பச்சப்பிள்ளைய அறுக்கணுமாக்கும்?" என்று அம்மா விரட்டிவிட்டாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அந்தக் குழந்தையை வெளியே காட்டாமலே வளர்த்தோம்.

கடைசியில் யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளே மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். டாக்டரிடம் அவள் முதலில் கேட்டதே, "ஏழாம் மாசத்துல, கெரகண நேரத்துல கத்தி எடுத்தேன். அதாலயா சார் இப்படி?" என்றுதான்.

"இல்லம்மா. ரெண்டாம் மாசத்துலயே மேல்தாடையும் கீழ்தாடையும் கன்னத்துல வந்து சேரணும். இவளுக்கு அங்க சேரல. ஏழாம் மாசம் நீங்க எதை வெட்டியிருந்தாலும் இது வராது. தசையைச் சேர்த்துத் தச்சா வாயோரம் சரியாயிரும். ஏன் இம்புட்டு நாள் வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க மதினி" என்றாள். அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மெல்லிய தழும்பு ஒன்றுதான் மிச்சம். வீட்டில் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். "முடிஞ்சதப் பேசி என்ன ஆகப்போகுது" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். என் தம்பி மனைவி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

'அத்தே' என்று சிரித்துக்கொண்டே ஓடிவரும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூட எனக்குத் தைரியம் வருவதில்லை. அந்தச் சிரிப்பை இரண்டு வருடம் தள்ளிப்போட்டது நான் சொன்ன ஒரே ஒரு பொய்.