அந்தச் சீட்டை எழுதியவர்

மடித்து மடித்து மூலை கிழிந்துபோன ஒரு சீட்டு. அதை என்னிடம் நீட்டியவள் கடப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்த மீனவப் பெண். அவள் கணவர் சுவரைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சுற்றுவட்டாரச் சுகாதார நிலைய டாக்டர்களுக்கு, நரம்புக் கோளாறு உள்ளவர்களைச் சோதித்து நோயைக் கண்டறியக் கற்றுக்கொடுக்க, நரம்பியல் டாக்டரான என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. எதிரே இருந்த பன்னிரண்டு பேரில் பலர் என்னைவிட மூத்தவர்கள். “காய்ச்சலும் பேதியும் பார்க்கவே நேரம் போதலை. சின்னச் சுத்தியலால முட்டியைத் தட்டிக்கிட்டு உட்கார முடியுமா?” என்று முதல் நாளே ஒருவர் கேட்டார். கடற்கரை நிலையம் ஒன்றின் டாக்டர், ஐம்பதைத் தாண்டியவர். அவரை எப்படியும் தட்ட வைத்துவிடுவது என்று நானும் பிடிவாதமாக இருந்தேன்.

அன்றைய வகுப்புக்கு நோயாளியாகக் கிடைத்தவர்தான் அந்த மீனவர். கால் இரண்டும் விறைத்து, தள்ளாடி நடந்தார். “குடிச்சிட்டு ஆடறாருன்னு ஊரே சிரிக்கிது டாக்டரம்மா. ரெண்டு மாசமா ஒரு சொட்டு தொடல. கூடவே கீறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள் மனைவி. சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தேன். உடலில் குறையில்லை, நடிப்பு என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று புரியவில்லை. “இதை எழுதினவர் இவர் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்” என்றேன்.

கடற்கரை டாக்டர் எழுந்தார். “நான்தான் எழுதினேன். படுக்க வெச்சுக்கூடப் பார்க்கலை.”

அவர் வெளியேறிவிடுவார் என்று நினைத்தேன். பேசிய தோரணைக்காக எனக்கே கூச்சமாக இருந்தது. அவரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மீனவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். “சொல்லுங்கம்மா, எங்கிருந்து ஆரம்பிக்கணும்?”

சாவியின் முனையால் உள்ளங்காலைக் கீறினார். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. அதை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. பிறகு குண்டூசியால் பாதத்திலிருந்து மெல்ல மேலே தொட்டுக்கொண்டு வந்தார். தொப்புள் வரைக்கும் “மொண்ணையா கீது சார்” என்ற மீனவர், அதைத் தாண்டியதும் “ஆ! இப்ப குத்துது!” என்று கத்தினார். அந்த இடத்தில் மையால் கோடு போட்டார் டாக்டர். நான் போதும் என்று சொல்லியும் அவர் விடவில்லை. மறுபடி பாதத்திலிருந்து தொடங்கினார். கோடு அதே இடத்தில் நின்றது. முதுகெலும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டியபோது நடுமுதுகில் மீனவர் துடித்தார்.

“முதுகுத் தண்டை ஏதோ அழுத்துது. இன்னைக்கே மெட்ராஸுக்குக் கொண்டு போகணும்” என்றார் டாக்டர். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “தப்பு என்னுதும்மா.”

“அதெல்லாம் அப்பால பேசிக்கலாம் சார். இப்ப இன்னா பண்ணணும், அத்த சொல்லு.”

அன்று பிற்பகல் அவர்களோடு அவரே போனார். முதுகெலும்பில் காசநோய். அறுவை சிகிச்சையும் நீண்ட நாள் மருந்துமாக, முக்கால் வருடத்தில் மீனவர் தடியூன்றி நடந்தார். ஆழ்கடலுக்குப் போக முடியவில்லை. கரையில் மீன் ஏலம் விட்டார்.

அடுத்த டாக்டர் குழுவுக்கு வகுப்பு தொடங்கிய நாளில் கடற்கரை டாக்டர் யாரும் அழைக்காமலே வந்து நின்றார். புதியவர்கள் முன்னால் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். இன்னும் சில வாரம் போயிருந்தால் அந்த மனிதர் எழுந்தே நடந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இப்போது ஸ்கேன் வந்துவிட்டது. யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது என்பதை இன்னும் கைதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் ஒரு நோயாளி உண்டு. செங்கல்பட்டுக்கு வருவதற்கு முன்பு, வெறும் தலைவலி என்று நான் திருப்பி அனுப்பிய ஓர் ஆசிரியை. அவர் பிழைக்கவில்லை. சில வருடம் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அந்த டாக்டர் பேசியதைக் கேட்ட பிறகு, ஒவ்வொரு முதல் வகுப்பிலும் அதைச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் நோயாளியை உள்ளே வரச் சொல்கிறேன்.